ஆசிரியர்களுக்கு மேலவை நாற்காலி வேண்டாம், ஊராட்சி வார்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர் பகுதியில் அண்மையில் வந்த ஒரு கடிதம் இரண்டு கோரிக்கைகளை வைத்திருந்தது. கல்வி அமைச்சராக வருபவர் பத்து ஆண்டாவது வகுப்பறையில் நின்றவராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. சட்டமன்றத்தின் இரண்டாவது அவையாக முன்பு இருந்த சட்ட மேலவையைத் திரும்பக் கொண்டுவந்து, அதில் ஆசிரியர்கள் மட்டும் வாக்களிக்கும் ஆசிரியர் தொகுதிகளுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. எழுதியவர் எங்கள் ஆள்தான் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நானும் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். ஆசிரியர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அவர் கேட்கும் இரண்டும் மாடிக்கு நேராகப் போகிற வழிகள். படியே இல்லாத வீட்டில் மாடியைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

இதில் எனக்கு ஒரு சொந்த அக்கறையும் உண்டு. என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. சொந்த ஊரில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. "டீச்சர், வேலையை எழுதிக் கொடுத்துட்டு நின்னுடட்டுமா?" என்று கேட்டாள். விருப்ப ஓய்வு வாங்கலாமே என்றால், அதற்கு இருபது ஆண்டு பணி முடிந்திருக்க வேண்டும், அல்லது வயது ஐம்பது ஆகியிருக்க வேண்டும். அவளுக்கு இரண்டும் இல்லை. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலமும் போகும். வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு வார்டு உறுப்பினர் பதவிக்காக இதையெல்லாம் விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது? வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்ல வேண்டியிருப்பது சரியல்ல என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அமைச்சர் விஷயம். நம் மாநிலத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகிய காலம் எது என்று கேட்டால் எல்லோரும் காமராஜர் காலத்தைத்தான் சொல்வோம். அவர் பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். அவருடைய அமைச்சரவையில் கல்வியைக் கவனித்த சி. சுப்பிரமணியம் வழக்கறிஞர். அவர்களோடு நின்று வேலையைச் செய்து முடித்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. பள்ளிகளை ஆய்வு செய்யும் பணியில் கல்வித் துறைக்குள் வந்து, ஊர் ஊராகச் சுற்றி, பொதுக்கல்வி இயக்குநர் வரை உயர்ந்தவர். மூவரில் ஒருவர்கூடப் பத்து ஆண்டு சாக்பீஸ் பிடித்ததாக நான் படித்ததில்லை. ஒருவருக்கு மக்களைத் தெரிந்திருந்தது, ஒருவருக்குச் சட்டமும் நிதியும் தெரிந்திருந்தது, மூன்றாமவருக்குத் துறையின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

மாறாக, ஆசிரியரே அமைச்சரான கதை ஒன்று இங்கிலாந்தில் உண்டு. எஸ்டெல் மோரிஸ் என்பவர் கவென்ட்ரி நகரப் பள்ளி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் பாடம் எடுத்தவர். 2001-ல் கல்வி அமைச்சரானார். ஆசிரியர்களுக்கு ஏக மகிழ்ச்சி, நம்மில் ஒருவர் வந்துவிட்டார் என்று. அடுத்த ஆண்டே, 2002 அக்டோபரில், ராஜினாமா செய்தார். ஆசிரியர்களோடு பேசுவதும் பிரச்சினைகளைக் கையாள்வதும் எனக்கு வருகிறது, இவ்வளவு பெரிய துறையை நிர்வகிப்பதும் ஊடகத்தைச் சமாளிப்பதும் அந்த அளவுக்கு வரவில்லை என்ற பொருளில் வெளிப்படையாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். நம் ஊரில் யார் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

தென் அமெரிக்க நாடான பெருவில் நடந்தது இன்னும் மோசம். கிராமப்புறத் தொடக்கப் பள்ளி ஆசிரியரான பெத்ரோ காஸ்தியோ 2017 ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் தலைவராகப் பெயர் எடுத்து, 2021-ல் நேராக நாட்டின் அதிபரே ஆகிவிட்டார். அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தைக் கலைக்கப் பார்த்து, அன்றைக்கே பதவி இழந்து கைதானார். வேலைநிறுத்தப் பந்தலிலிருந்து அதிபர் மாளிகைக்கு இடையில் அவர் எந்த அரசுப் பொறுப்பிலும் இருந்து பழகவில்லை.

அமெரிக்காவில் ஜோ பைடனின் கல்வி அமைச்சராக இருந்த மிகேல் கார்டோனாவும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்தான். ஆனால் அவர் பள்ளி முதல்வராகி, பிறகு உள்ளூர்க் கல்வி நிர்வாகத்தில் இருந்து, 2019-ல் கனெக்டிகட் மாநிலக் கல்வி ஆணையராகி, அதன் பிறகே 2021-ல் அமைச்சரானார். நம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஒடிசாவின் ராய்ரங்பூரில் ஆசிரியையாக இருந்தவர். 1997-ல் கவுன்சிலர், 2000-ல் எம்எல்ஏ, பிறகு மாநில அமைச்சர், 2015-ல் ஆளுநர், 2022-ல் குடியரசுத் தலைவர். முதல் படி நகராட்சி வார்டு என்பதைக் கவனியுங்கள். அவர் வேலை பார்த்தது தனியார் பள்ளி என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்திருந்தால் அந்த வார்டில் நிற்பதற்கே வேலையை விட வேண்டியிருந்திருக்கும்.

வகுப்பறை அனுபவம் வீண் என்று நான் சொல்லவில்லை. பின்பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற பழக்கம் அரசியலுக்கு நல்ல முதலீடு. ஆனால் எங்களிடம் வேறு பழக்கங்களும் உண்டு. நாங்கள் பேசினால் நாற்பது பேர் கேட்டே ஆக வேண்டும். நாங்கள் சொன்னதுதான் சரியான விடை. எதிர்த்துப் பேசுபவனை எழுந்து நிற்கச் சொல்லலாம். முப்பது ஆண்டு இப்படியே இருந்தவர் கிராம சபைக்குப் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நான் தலைமையாசிரியையாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். குடிநீர்க் குழாயைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தவரைப் பார்த்து "ஒவ்வொருத்தரா பேசுங்க" என்று சொல்ல வாய் வரை வந்தது. அங்கே அப்படிச் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

தலைமையாசிரியை ஆனபோதும் இதே கதைதான். ஒரு நாள் வரை கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு மறுநாள் காசோலைப் புத்தகம், பணப் பதிவேடு, சம்பளப் பட்டியல், மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. எங்கள் பள்ளியில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது நினைவிருக்கிறது. கட்டடம் ஒரு துறை, பள்ளி இன்னொரு துறை, தண்ணீர் ஊராட்சி. மூன்று இடத்துக்கும் கடிதம் எழுதினேன், மூன்று இடத்திலும் அடுத்த இடத்தைக் கைகாட்டினார்கள். கடைசியில் வேலையை முடித்தது அப்போதைய ஊராட்சி மன்றத் தலைவி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். எந்தத் தீர்மானத்தை எப்படி எழுதினால் எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. "டீச்சர், நீங்க மனுவா எழுதினீங்க. நான் தீர்மானமா போட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். கல்வி நிர்வாகம் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பயிற்சி அதுதான்.

இனி மேலவைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986 நவம்பர் 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது. 2010-ல் மீண்டும் கொண்டுவரத் தீர்மானம் போட்டு, நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. 2011-ல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்று இன்னொரு தீர்மானம். மேலவை வரவேயில்லை. வந்தாலும் ஆசிரியர்களுக்கு என்ன கிடைக்கும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 171-ஆவது பிரிவைப் பார்த்தால் தெரியும். மொத்த இடங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வாக்களிக்கும் உரிமை உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் கற்பிப்பவர்களுக்கு மட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அகரம் கற்றுக்கொடுக்கும் டீச்சருக்கு ஓட்டு கிடையாது. இதைக் கேட்டுப் போராடச் சொல்கிறவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மேலவையில் பட்டதாரிகள் மட்டும் வாக்களிக்கும் பட்டதாரி தொகுதியும் உண்டு; அதில் நிற்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே தீர்ப்பளித்திருக்கிறது, அதுவும் நம் சென்னைப் பட்டதாரி தொகுதி வழக்கிலேயே. வாக்காளருக்குத்தான் தகுதி, வேட்பாளருக்கு அல்ல என்பதுதான் அதன் சாரம். இதே கணக்கு ஆசிரியர் தொகுதிக்கும் பொருந்தும். ஆக, ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு ஆசிரியர் அல்லாத ஒருவரை அனுப்பிவைக்கவும் வழி இருக்கிறது. கட்சிகளுக்கு அந்த வழி தெரியாதா என்ன?

சரி, வேறு என்னதான் கேட்பது? என் கோரிக்கை சின்னது. பணியில் இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கிராம ஊராட்சித் தேர்தலில் போட்டியிட அனுமதி வேண்டும். வார்டு உறுப்பினர் என்றால் வேலையில் இருந்துகொண்டே. தலைவர் என்றால் பதவிக்காலம் முழுவதும் ஊதியமில்லா விடுப்பில்.

இப்போது முடியாது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அரசியலில் ஈடுபடுவதையும் தேர்தலில் நிற்பதையும் தடுக்கின்றன. வேட்பாளராவது இருக்கட்டும், ஒரு வேட்பாளரின் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தால்கூட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவில் மூன்று மாதம் வரை சிறை. ஆனால் தேர்தல் நடத்த மட்டும் நாங்கள் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் கற்பித்தல் அல்லாத வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மூன்றையும் விதிவிலக்காக வைத்திருக்கிறது. முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், விடியற்காலையில் ஐம்பது ஓட்டு போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, இரவு பதிவான வாக்குகளின் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் கையெழுத்து வாங்கி, சீல் வைத்து ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் நாங்கள். ஊரார் விரலுக்கெல்லாம் மை வைக்கலாம். எங்கள் பெயர் அந்த வாக்குச்சீட்டில் வரக் கூடாது.

மறுப்பு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் கட்சிக் கொடி பிடித்தால் வகுப்பறை கெட்டுப்போகும் என்பார்கள். நியாயமான பயம். ஒரு பக்கம் சாய்ந்த ஆசிரியரிடம் எதிர்ப்பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன பாடு படும் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கிராம ஊராட்சியோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் மாநிலத்தில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் கட்சி வருகிறது. உள்ளுக்குள் யார் எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும், அது வேறு விஷயம். சட்டப்படி இது கட்சி சாராத தேர்தல். அதில் நிற்பவரைக் கட்சிக்காரர் என்று விதிகள் எப்படிச் சொல்லும்?

இரண்டாவது பயம், ஒரே ஊரில் வாத்தியாராகவும் தலைவராகவும் இருந்தால் அதிகாரம் கூடிவிடும் என்பது. அதற்கும் வழி உண்டு. தான் வேலை பார்க்கும் பள்ளி இருக்கும் ஊராட்சியில் நிற்கக் கூடாது என்று வைத்துவிடலாம். இது நானே யோசித்ததில்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சி ஊழியர்களில் பல பதவிகளுக்கு அரசியல் தடை உண்டு. 1989-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்தது. தனக்கு வேலை கொடுத்திருக்கும் மன்றத்தில் மட்டும் உறுப்பினராக முடியாது, பக்கத்து மன்றத்தில் நிற்கலாம். ஜெர்மனியில் ஆசிரியர் உள்ளிட்ட அரசுப் பணியாளர் நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டாலும் வேலை போகாது. பதவிக்காலம் வரை பணி உறங்கிக் கிடக்கும், முடிந்ததும் விண்ணப்பித்துத் திரும்பலாம். இங்கேயே டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மாநிலங்களவை உறுப்பினர்களாக இருந்திருக்கிறார்களே. அவர்களில் ஒருவரான மனோஜ் ஜா நாடாளுமன்றத்தில் பேசினால் நாம் எல்லோரும் கேட்கிறோம். பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்குக் கெடாத நடுநிலை ஆறாம் வகுப்பு டீச்சருக்கு மட்டும் கெட்டுவிடுமா?

கேரளத்தில் கே.கே. ஷைலஜா அறிவியல் ஆசிரியை. 1996-லேயே எம்எல்ஏ ஆனவர். விருப்ப ஓய்வு பெற்றது 2004-ல். அங்கே உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் தேர்தலில் நிற்க வழி இருந்தது, பிற்பாடு அது நீதிமன்றம் வரை போனது. எம்எல்ஏவாக இருந்துகொண்டே ஆசிரியராகவும் நீடிப்பதில் எனக்கே உடன்பாடில்லை. ஊராட்சி வார்டு அப்படிப்பட்ட பதவி அல்ல. மாதம் சில மாலைகள் போதும்.

பள்ளிக்கும் ஊராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. அரசமைப்புச் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கக்கூடிய விஷயங்களில் பதினேழாவதாகத் தொடக்க, இடைநிலைக் கல்வி இருக்கிறது. 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று இன்னமும் பலகை தொங்குகிறது. ஆனால் 1981-லேயே அந்த ஆசிரியர்கள் அரசுப் பணியாளர்களாகிவிட்டார்கள். பலகையில் ஒருவர், சம்பளத்தில் ஒருவர். நடுவில் எரிந்த மோட்டார். பள்ளியையும் தீர்மானப் புத்தகத்தையும் இரண்டையும் அறிந்த ஒருவர் அந்த மன்றத்தில் உட்கார்ந்தால் நல்லதுதானே?

துறைக்குள் மேலே போவது பற்றியும் ஒரு வார்த்தை. 2021-ல் பள்ளிக்கல்வி இயக்குநரின் அதிகாரத்தை ஐஏஎஸ் அதிகாரியான ஆணையரிடம் கொடுத்தபோது, ஆசிரியர்களிலிருந்து உயர்ந்து வருபவர்களின் நாற்காலியைப் பறிக்கிறார்கள் என்று சங்கங்கள் எதிர்த்தன. 2023-ல் இயக்குநர் பணியிடம் திரும்பி வந்தது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த நாற்காலிக்கு வருபவர் வழியில் ஒரு முறையாவது வெளியாட்களின் ஓட்டையோ கேள்வியையோ சந்தித்திருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. பணி மூப்புப் பட்டியல் ஒன்றே எங்களுக்குத் தெரிந்த ஏணி. அரசியலுக்குப் போகிற ஒரு சிலரும் சங்கப் பொறுப்பு வழியாகப் போகிறார்கள். சங்கத்தில் கற்பது எல்லாம் கேட்கும் பக்கத்துக் கலை. கொடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கிற கொஞ்சப் பணத்தில் தெருவிளக்கா பள்ளிக் கழிப்பறையா என்று முடிவெடுத்து, அடுத்த நாள் அதே தெருவில் நடந்து போகிற அனுபவம் வேறு.

இதற்குப் பெரிய சட்டப் போராட்டம் எதுவும் வேண்டாம். நடத்தை விதிகளில் ஓர் அரசாணை மூலம் விலக்கு, ஊராட்சிகள் சட்டத்தில் அரசுப் பணியாளர் தகுதியிழப்புப் பற்றிய பிரிவில் ஒரு திருத்தம், போட்டியிடும் ஆசிரியருக்கு அந்தத் தேர்தலில் தேர்தல் பணி கிடையாது என்று ஒரு குறிப்பு. வென்றால் அடுத்த பொது மாறுதலில் அவர் விரும்பிய பள்ளியைக் கேட்கும் முன்னுரிமை கிடையாது என்றும் சேர்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் எங்கள் ஆட்கள் மாறுதலுக்காகவே மனுத்தாக்கல் செய்வார்கள்.

ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் ஓய்வூதியம், ஊதிய முரண்பாடு, பணி மாறுதல் எல்லாம் இருக்கும். இதை நான் பார்த்ததில்லை. எங்கள் மாவட்டச் சங்கத்துக்கும் இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். அவர்கள் மறுத்து எழுதினால் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர்